ஒரே வரியில் நான் முடித்துவிட்ட பேச்சு

2003ஆம் ஆண்டு மாசி மாதம் நடந்தது இது. அப்போது நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் வேலை பார்த்தேன். வேலை என்றால் எல்லா வேலையும்தான். ஸ்டேஷனுக்குப் போய் ஆட்களைக் கூட்டி வருவது, சுடுதண்ணீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவது, சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களுக்கு வேன் பிடித்துக் கொடுப்பது. உள்நாட்டுச் சண்டை நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் பயமில்லாமல் வரத் தொடங்கியிருந்தார்கள். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். ஆங்கிலம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அதற்காகத்தான் முதலாளி என்னை வைத்திருந்தார்.

அந்த மாதம் கிரேக்க நாட்டிலிருந்து ஒரு அம்மா வந்து தங்கினார். ஐம்பது வயது இருக்கும். அவருடைய ஊர் ஒரு துறைமுகமாம். அங்கே அவருக்கு ஒரு தொழில் இருந்தது, அதைக் கேட்டு நான் உள்ளுக்குள் சிரித்தேன். சாயங்காலம் வெளியூர்க்காரர்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு துறைமுகத்திலிருந்து நடக்கத் தொடங்குவாராம். ஒரு கடையில் பொரித்த மீன், அடுத்த கடையில் பாலாடைக்கட்டி, அதற்கடுத்த கடையில் தேன் ஊற்றிய பலகாரம். எல்லா இடத்திலும் இரண்டு வாய் சாப்பாடு, கொஞ்சம் கதை, பிறகு நடை. கடைசியில் ஒரு மீன்காரர் வீட்டுச் சமையலறை. கடைசி நிறுத்தம் கட்டாயம் ஒரு வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். நடந்து போய்க் கடையில் சாப்பிடுவதற்கு ஒரு வழிகாட்டி, அதற்கு ஒரு கட்டணம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பசி.

நான் சிரித்தேன், முதலாளி சிரிக்கவில்லை. அவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், கெட்டிக்காரர். இரண்டே நாளில் என்னைக் கூப்பிட்டு, நாமும் ஹட்டனில் இதைச் செய்யப் போகிறோம் என்றார். முதல் தடவை சும்மா ஒரு ஒத்திகை. விடுதியில் அப்போதிருந்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதில் அந்தக் கிரேக்கத்து அம்மாவும் ஒருவர். நன்றாக நடந்தால் நான் இனி வழிகாட்டி, சுடுதண்ணீருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு கண்டிப்பு வைத்தார். வழியில் ஒருவரும் விருந்தாளிகளிடம் எதையும் கேட்கக் கூடாது. முன்பு ஒருமுறை பஜாரில் யாரோ ஒருவர் ஒரு விருந்தாளியிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டார். அந்த விருந்தாளி விடுதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டுப் போனார். முதலாளி அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். அதை எடுத்து எனக்குக் காட்டி, இன்னொரு பக்கம் இப்படி வந்தால் இந்த நடையும் இல்லை, நீயும் இல்லை என்றார்.

டவுனில் நிறுத்தங்கள் சுலபமாக அமைந்தன. வீடுதான் சிக்கல். என்னுடைய வீட்டை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. தூரம் என்று முதலாளியிடம் சொன்னேன். உண்மையில் வெட்கம். எங்கள் இரண்டு காம்பரா வீட்டையும் கரி பிடித்த கூரையையும் காட்டிச் சோறு போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் டவுனை ஒட்டியிருந்த ஒரு தோட்டத்து லயத்தில் ஏற்பாடு செய்தேன். வெட்கத்தை இன்னொருவர் வீட்டு வாசலில் இறக்கி வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த லயத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் எனக்குப் பழக்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். ஆறு வெள்ளைக்காரர்கள் சாயங்காலம் வருவார்கள், நாங்கள் வீட்டில் சாப்பிடுகிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தால் போதும், சாமானுக்கு விடுதி பணம் கொடுக்கும் என்றேன். “சாப்பிட மட்டுமா வர்றாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். எழுந்து போகும்போது மூன்றாவது தடவையும் கேட்டார். சந்தேகப் பிராணி என்று நினைத்துக்கொண்டேன்.

குறிப்பிட்ட நாளில் நாலு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் தொடங்கினோம். முதலில் ஒரு வடைக் கடை. பருப்பு வடையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள், எண்ணெய் ஊறிய அந்தத் தாள் ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பிப் பக்கமாக இருந்தது. ஆறு பேரும் வடையை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தார்கள். அடுத்து ஒரு சிங்கள முதலாளியின் பேக்கரியில் மாலு பான் என்கிற மீன் வைத்த பன், வண்டிக்காரரிடம் தேங்காய்ச் சொட்டுப் போட்ட கடலை, முஸ்லிம் ஹோட்டலில் ஆளுக்கு இரண்டு வாய் கொத்துரொட்டி. கொத்துகிற சத்தத்தைக் கேட்டதும் ஒரு டச்சுக்காரர் மேசையில் தாளம் போட்டார். அவர் எல்லா நிறுத்தத்திலும் மற்றவர்கள் வைத்த மிச்சத்தையும் சேர்த்துச் சாப்பிட்டார், நல்ல மனிதர்.

கிரேக்கத்து அம்மா அதிகம் பேசவில்லை. தொழில் தெரிந்தவர் இன்னொருவர் வேலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் பேசும்போது நீ குறுக்கே போகாதே, அவர் முகத்தை இவர்கள் பார்க்கட்டும், பிறகு மொழிபெயர் என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னார். நல்ல யோசனை என்று பட்டது. ஒரு கடையில் நாங்கள் குடிப்பது போலவே பால் சேர்க்காத பிளேன்டீ வாங்கி, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு வெள்ளைக்காரர்கள் பஜாரில் நின்று உள்ளங்கையை நக்கியதைப் பார்க்க ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. யாரும் கை நீட்டவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இனிச் சுடுதண்ணீரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஐந்தரைக்கு மேல் தோட்டத்து ரோட்டில் ஏறினோம். கால் மணி நேர நடை. மழை இல்லாத காலம், மண் பாதை தூளாகக் கிடந்தது. வளைவில் திரும்பியதும் லயம் தெரிந்தது.

பதினாறு வீட்டு லயம் அது. வாசல் முழுக்கச் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். மாவிலை கிடைக்காமல் ஏதோ காட்டு இலையில் தோரணம் கட்டியிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் திருவிழாச் சேலையில் வரிசையாக நின்றார்கள். ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள், தோட்டத்து மேனேஜரான துரை வந்தால் நிற்பது போல. எங்களைக் கண்டதும் ஆரத்தி எடுத்தார்கள், ஆறு பேர் நெற்றியிலும் பொட்டு வைத்தார்கள். டச்சுக்காரர் குனிந்து கொடுத்தார்.

தலைவரை ஒரு பக்கமாக இழுத்து, என்ன இதெல்லாம் என்று கேட்டேன்.

“நீங்க ஏன் தம்பி பதறுறீங்க? எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கோம். கீழ் டிவிசனுக்கும் இப்பிடித்தான் வந்தாங்க. சும்மா பாக்க வந்தோம்னாங்க, தேத்தண்ணி குடிச்சாங்க, சுத்திப் பாத்தாங்க. மூணு மாசத்துல கக்கூஸு கட்டி முடிச்சிட்டாங்க.”

கீழ் டிவிசன் என்பது அதே தோட்டத்தின் இன்னொரு பகுதி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வருடங்களில் வெளிநாட்டுப் பணத்தில் ‘புராஜெக்ட்’ என்று சொல்லி அங்கங்கே தோட்டங்களுக்கு ஆட்கள் வருவார்கள். சில லயங்களுக்குக் கழிப்பறை கிடைத்தது, சிலவற்றுக்குக் கூரைத் தகரம் கிடைத்தது. எதற்கு வந்தோம் என்று வந்தவர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். ஆறு வெள்ளைக்காரர்கள் ரொட்டி தின்பதற்காக மலை ஏறி வருகிறார்கள் என்று நான் சொன்னதை அந்த லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. அது அவர்கள் பிழை இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு நானே அதைக் கேட்டுச் சிரித்தவன்தான்.

ரொட்டியைக் காணவில்லை. ஒரு வீட்டு முன்னால், இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்கிற அந்தச் சின்ன முன்பக்கத்தில், கோயில் மேசையைப் போட்டுப் புதுப் பெட்ஷீட் விரித்திருந்தார்கள். ஒரு தட்டில் கிரீம் கிராக்கர் பிஸ்கட், ஒரு தட்டில் கேக், ஒரு சீப்பு வாழைப்பழம், சோடாப் போத்தல்கள். ஒரே மாதிரிக் கண்ணாடிக் கிளாஸ் ஆறு சேர்ப்பதற்குப் பதினாறு வீட்டையும் தேடியிருப்பார்கள். விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள், லயம் முழுக்க நின்றது. அவர்கள் பிஸ்கட் சாப்பிடுவதை எண்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளேயிருந்து ரொட்டி வாசனை வந்தது. கிரேக்கத்து அம்மா மூக்கை உயர்த்தி, அது என்ன, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டார். நான் அந்த வீட்டுக்கார அக்காவைப் பார்த்தேன். அவர் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார். “உள்ள ஒரே புகையா இருக்கு தம்பி, வேணாம்னு சொல்லுங்க.” நாற்பது வயது மதிக்கத்தக்க கொழுந்து பறிக்கிற பெண். நான் கேட்டதற்காக ரொட்டியும் சுட்டு, வந்தவர்களின் தகுதிக்கு அது காணாது என்று மூடியும் வைத்துவிட்டார்.

சோடா குடித்து முடித்ததும் தலைவர் ஒரு சைகை காட்டினார். அந்த அக்கா முன்னால் வந்து நின்றார். கையில் தாள் எதுவும் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார். நேராகக் கிரேக்கத்து அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், அவர்தான் பெரிய ஆள் என்று முடிவு செய்திருப்பார்கள் போல.

பேச்சு தண்ணீரைப் பற்றியது. லயத்துக்குத் தண்ணீர் கீழே பள்ளத்தில் ஒரு பீலியில் வருகிறது. மலை ஊற்றுத் தண்ணீரைத் தகரத்தில் வழியவிட்டிருக்கும் இடம்தான் பீலி. தை, மாசியில் அது நூல் மாதிரி வடியும். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் இருட்டும் வரைக்கும் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். ஏறி வரும்போது வழுக்கி விழாத பெண் இந்த லயத்தில் இல்லை என்று சொல்லி, மூன்று தடவை கையைப் பள்ளத்துப் பக்கம் நீட்டினார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். போன வருடம் இதே மாதத்தில் அவர் மகள் வயசுக்கு வந்திருக்கிறாள். அன்றைக்குத் தலைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. பக்கத்து லயத்தில் போய் இரண்டு குடம் கெஞ்சி வாங்கி வரும்வரைக்கும் பிள்ளையை வீட்டுக்குப் பின்னால் ஒரு மறைப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது நின்ற ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் அவர் பேசினார், ஆனால் அது என் மனதில் நிற்கவில்லை. மொத்தம் நாலு நிமிடம் இருக்கும். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்த மடித்த பக்கம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. கை நீட்டுவதில் இதைவிடப் பெரிய நீட்டல் இருக்க முடியாது. இதை ஆங்கிலத்தில் சொன்னால் ஆறு பேர் முகமும் மாறும், நடை இன்றோடு முடியும், நாளைக்கு நான் மறுபடியும் சுடுதண்ணீருக்குப் பதில் சொல்ல வேண்டும். யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

உங்களை வரவேற்கிறார், நீங்கள் வந்தது இந்த லயத்துக்குப் பெருமை என்கிறார் என்று சொன்னேன். ஒரே வரி. ஆறு பேரும் கைதட்டினார்கள். கைதட்டலைப் பார்த்து லயமும் கைதட்டியது. அந்த அக்கா என் பக்கத்தில் வந்து கேட்டார்.

“எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா தம்பி? பிள்ளை விசயத்தையும்?”

“சொல்லிட்டேன்க்கா.”

“என்ன சொல்றாங்க?”

“பார்க்கிறோம்னு சொல்றாங்க.”

அவர் முகம் மலர்ந்தது என்று எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் மலர்ந்தது. சாகும்வரை அந்த முகம் எனக்கு மறக்காது.

திரும்பி இறங்கும்போது கிரேக்கத்து அம்மா என் பக்கத்தில் நடந்து வந்தார். உன் மொழியில் அவ்வளவு நீளமாக இருந்தது ஆங்கிலத்தில் இவ்வளவு சின்னதாகிவிட்டதே என்றார். எங்கள் மொழியில் மரியாதை வார்த்தைகள் அதிகம், அதனால்தான் நீளம் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பொய் சொன்னது போதாதென்று பழியை மொழியின் தலையில் கட்டினேன். ரோட்டுக்கு வந்ததும் அவர் ஒருமுறை நின்று லயத்தைத் திரும்பிப் பார்த்தார்.

நடை நன்றாக நடந்தது என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். முதலாளி என் தோளில் தட்டினார். நான் வழிகாட்டி ஆனேன். கடைசி நிறுத்தத்தை மட்டும் டவுனுக்குள் ஒரு ஆசிரியர் வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன். லயம் தூரம் என்று காரணம் சொன்னேன். தூரம் என்பது எனக்கு அப்போது நன்றாகக் கைகொடுத்த சொல்.

சித்திரை வருஷப் பிறப்பு கழிந்து ஒரு மாதம் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் யாரோ பின்னாலிருந்து தம்பி என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் அந்த அக்கா. ஓடவும் முடியாது. கோபமாக வந்திருப்பார் என்று நினைத்தேன், ஆனால் நல்ல சந்தோஷமாக இருந்தார்.

“புராஜெக்ட்டுக்காரங்க எப்ப வர்றாங்கன்னு ஏதும் தெரியுமா தம்பி? அவசரமில்ல. வந்ததும் வேலை சுணங்கக் கூடாதுன்னு நாங்களே கான் வெட்டிட்டோம்.”

கான் என்றால் நிலத்தில் வெட்டுகிற வாய்க்கால். தோட்டத்தில் கான் வெட்டுவது ஒரு வேலை, எங்கள் ஆட்களுக்குக் கைவந்த வேலை. மேலே காட்டுக்குள் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறதாம். அங்கிருந்து லயத்து வாசல் வரைக்கும், குழாய் பதிக்கிற ஆழத்துக்கு, கால் மைல் தூரம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு ஒரு ஆள். கீழ் டிவிசனில் கக்கூஸுக்குக் கிடங்கு, அதாவது குழி, வெட்ட ஆள் சேரவில்லை என்று வேலை இழுபட்டதாம், அதனால் இவர்கள் முந்திக்கொண்டார்கள். பத்து ஞாயிறு. இன்னும் இருபது முழம்தான் பாக்கி என்று கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன், அது நான் போக வேண்டிய பஸ்ஸே இல்லை. திருடியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பத்து ஞாயிற்றுக்கிழமையை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்குப் போனேன். மேலே கடைசி இருபது முழத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். நான் கானுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர்கள் புராஜெக்ட்காரர்கள் இல்லை, ஊர் பார்க்க வந்தவர்கள். அன்றைக்கு அக்கா பேசியதில் ஒரு சொல்லையும் நான் மொழிபெயர்க்கவில்லை. பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை, அது நானாகச் சொன்ன பொய்.

அடிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைவர்தான் முதலில் பேசினார். “புராஜெக்ட் வருதுன்னு தொரகிட்ட சொல்லித்தானே தம்பி கான் வெட்டவே அனுமதி வாங்கினேன். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய் நிப்பேன்?”

அந்த அக்கா வேறு ஒன்றைக் கேட்டார். “அப்ப அவங்க நெசமாவே ரொட்டி சாப்பிடத்தான் வந்தாங்களா?”

ஆமாம் என்றேன்.

“ரொட்டியத்தான மூடி வச்சோம்,” என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தலைவரோடு நானும் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன், பிழை என்னுடையது என்று சொல்வதற்காக. துரை நல்ல தமிழ் பேசினார், அங்கே மொழிபெயர்க்க என் தேவையே இருக்கவில்லை. இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆனால் பேசிக்கொண்டே இரண்டு தடவை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். தென்மேற்கு மழை தொடங்கப் போகிற நேரம். தேயிலை மலையில் கால் மைல் தூரத்துக்கு வாய் திறந்த கான். மழை இறங்கினால் மண் எல்லாம் அறுத்துக்கொண்டு போகும், தேயிலைச் செடியும் சேர்ந்து போகும். மூட வேண்டுமென்றால் எத்தனை நாள் ஆட்களை இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். ஃபேக்டரிக்குப் பின்னால் பழைய இரும்புக் குழாய்கள் கிடக்கின்றன, அதைப் போட்டு ஒரு வாரத்துக்குள் கானை மூடிவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். கருணை என்றெல்லாம் இதற்குப் பெயர் வைக்க முடியாது, மழைக்குப் பயந்த ஏற்பாடு. ஆனால் குழாய் குழாய்தான்.

முதலாளியிடம் லீவு கேட்டுக்கொண்டு போய் நானும் சுமந்தேன். துருப்பிடித்த குழாய்கள், சில இடத்தில் ஓட்டை. ரப்பர் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினோம். ஏழாம் நாள் லயத்து வாசலில் தண்ணீர் வந்தது. முதலில் செங்காவியாகத் துப்பியது, அரை மணி நேரம் கழித்துத் தெளிந்தது. சூடம் கொளுத்தினார்கள். பெண்கள் அந்தத் தண்ணீரைச் சும்மா கையில் பிடித்துப் பிடித்துக் கீழே விட்டார்கள்.

அன்றைக்கு அந்த அக்கா வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் பெருந்தன்மையாக, நீங்க பொய் சொல்லாட்டி நாங்க கானே வெட்டியிருக்க மாட்டோமே தம்பி என்றார். அதைப் பிடித்துக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த அக்கா விடவில்லை. கோபமில்லாமல்தான் சொன்னார்.

“தண்ணி வந்துருச்சு, சரி. ஆனா நான் சொன்னத நீங்க அவங்க காதுல போடலையே தம்பி.”

விடுதிப் பதிவேட்டில் கிரேக்கத்து அம்மாவின் விலாசம் இருக்கிறது, இப்போது சொல்லுங்கள், ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்புகிறேன் என்று கொப்பியை எடுத்தேன். அக்கா தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார், நின்றுவிட்டார். தலையை ஆட்டினார்.

“இல்ல தம்பி. அன்னைக்கு ஏதோ ஒரு வேகத்துல, அத்தனை பேருக்கு முன்னால வெக்கத்த விட்டுச் சொன்னேன். திரும்ப வராது.”

நினைவில் இருந்ததை மட்டும் எழுதி அனுப்பினேன். நான் செய்ததையும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது, ஒரு பக்கம் துறைமுகப் படம். அந்தப் பெண் பேசியபோது மற்றவர்களின் முகத்தைப் பார்த்தேன், வரவேற்புரைக்கு யாரும் தரையைப் பார்க்க மாட்டார்கள், அன்றைக்கே உன்னை வற்புறுத்திக் கேட்காதது என் பிழை என்று எழுதியிருந்தார். அவர் பங்குக்கு ஒன்றை எடுத்துக்கொண்டதால் என் பங்கு குறையவில்லை.

முதலாளியிடமும் சொன்னேன். அவர் என்னை அனுப்பிவிடவில்லை, அந்த மடித்த பக்கத்தை எடுத்து நீவி விட்டார், அவ்வளவுதான். இன்றைக்கும் நான் இதே தொழிலில்தான் இருக்கிறேன், இப்போது நுவரெலியாவில். கடைக்காரர் திட்டினாலும், சம்பளம் காணாது என்று ஒரு தொழிலாளி சொன்னாலும், முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தாலும், முழுவதையும் மொழிபெயர்த்துவிடுகிறேன். அந்த லயத்துக் குழாய்க்கு வெள்ளைக்காரன் பைப்பு என்றுதான் இன்னும் பெயர். உண்மை தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை, நானும் அங்கே போகும்போது அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கணக்கு மனதில் ஓடும்: அந்த அக்கா பேசியது நாலு நிமிடம், என் நினைவில் நின்றது இரண்டு நிமிடம், மீதி இரண்டு நிமிடத்தில் அவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்ட ஒரே மொழிபெயர்ப்பாளன் நான்தான், எனக்கும் அது தெரியாது.